மாலை போட்ட மெஷினும் கன்னியப்பன் பிடுங்கிய பியூஸ் கட்டையும்

போன வாரம், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயரைச் சொல்லப் போவதில்லை, பயப்பட வேண்டாம். ஒரு பண்ணை வீட்டு நீச்சல் குளத்துக்குத் தானாகச் சுத்தம் செய்யும் ரோபோ வாங்க வேண்டுமாம். நான்கு மாடல் இருக்கிறதாம். எதைச் சிபாரிசு செய்யலாம் என்று கேட்டார். குளத்தைப் பார்த்தீர்களா என்றேன். வாட்ஸ்அப்பில் போட்டோ வந்திருக்கிறது என்றார். அழுக்கு எங்கிருந்து வருகிறது என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்றார். மெஷின் நடுக்குளத்தில் நின்றுபோனால் யார் இறங்கி எடுப்பார்கள் என்றேன். "அது நம்ம ஸ்கோப்ல வராது சார்" என்றார்.

அந்தக் கடைசிப் பதிலுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்கள் மேல் கோபம் இல்லை. இதே பதிலை உங்களைவிட நல்ல சட்டை போட்டுக்கொண்டு, உங்களைவிடத் தெளிவாகச் சொன்னவன் நான். எண்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்தெட்டு வயது. மெட்ராஸில் பம்பும் பில்டரும் விற்கும் ஒரு கம்பெனியில் சேல்ஸ் இன்ஜினியர். சொந்த ஊர் மானாம்பதி என்பதால், உத்திரமேரூர்ப் பக்கத்துப் பேச்சு தெரிந்தவன் என்று என்னை அங்கே அனுப்பினார்கள். நான் அங்கே போய் முதலில் செய்த காரியம், அந்தப் பேச்சே எனக்குத் தெரியாதது போல நடித்ததுதான்.

ஊரை ஒட்டிக் கண்ணுக்கெட்டிய தூரம் ஏரி, வயலுக்கு வயல் கிணறு, இதில் யாருக்கு ஐயா நீச்சல் குளம் என்று கேட்பீர்கள். ஒரு ரைஸ் மில் முதலாளிக்கு. மில்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் மகளுக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு ஜவுளிக் குடும்பத்தில் சம்பந்தம் பேசியிருந்தது. சம்பந்தி வீட்டில் கூடம் முழுக்கச் சலவைக்கல். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் அல்லவா? மில்லுக்குப் பின்புறம் தன் வீட்டுத் தோட்டத்தில் நீச்சல் குளம் வெட்டிவிட்டார். அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. மில்காரருக்குத் தண்ணீர் முழங்காலைத் தாண்டினாலே மூச்சு வாங்கும்.

குளத்தைக் கட்டியவர் கோயில் திருப்பணி செய்யும் கொத்தனார். அவர் நீச்சல் குளத்தைப் பார்த்ததில்லை, குளத்தைப் பார்த்திருக்கிறார். அதனால் நான்கு பக்கமும் படிக்கட்டு வைத்து, நடுவில் நான்கு கால் மண்டபம் ஒன்றையும் நிறுத்திவிட்டார். இரண்டு மரக்கட்டையைச் சேர்த்துக் கட்டியிருந்தால் தெப்பத் திருவிழாவே நடத்தியிருக்கலாம். சுத்தம் செய்யும் மெஷின்களுக்குச் சமமான தரையும் நேரான சுவரும் வேண்டும் என்பது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் என் ரிப்போர்ட்டில் குளத்தைப் பற்றி ஒரே வார்த்தைதான் எழுதினேன்: நன்று.

அடுத்தது அழுக்கு. வெள்ளைக் கல் பதித்த அந்தத் தரையில் தினமும் ஒரு விரல் கனத்துக்குக் கருப்பாகப் படிந்தது. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை, நிமிர்ந்து பார்த்தால் போதும். குளத்துக்கு நூறடி தள்ளி அவருடைய மில்லின் புகைபோக்கி இருந்தது. நெல் அவிக்கிற பாய்லருக்கு உமிதான் எரிபொருள். காற்று தெற்கே திரும்பினால் உமிச் சாம்பல் முழுவதும் குளத்தில்தான் இறங்கும். புகைபோக்கி வாயில் ஒரு கம்பி வலை கட்டினால் பாதி வேலை முடிந்தது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மெட்ராஸில் எனக்கு ஒரு மேலதிகாரி இருந்தார். கஸ்டமர் கேட்டதைக் கொடு, கேட்காததைச் சொல்லாதே என்பது அவர் கற்றுத்தந்த ஒரே பாடம். நான் வகுப்பில் முதல் மாணவன்.

அந்தச் சாம்பலைத் தினமும் அள்ளிக்கொண்டிருந்தவர் கன்னியப்பன். ஐம்பதை நெருங்கிய மனிதர். முன்பு கிணறுகளில் தூர் வாரிக்கொண்டிருந்தார். வலது முட்டி கெட்டுப்போய், கயிறு பிடித்துக் கிணற்றில் இறங்க முடியாமல் போன பிறகு மில்காரரிடம் வந்து சேர்ந்தவர். படிக்கட்டு வைத்த குளம் என்பதால் அந்த முட்டியோடும் இறங்கி ஏற முடிந்தது. ஒரு நனைத்த கோணிச் சாக்கில் கல்லைக் கட்டி, தரையோடு தரையாக மெல்ல இழுப்பார். அவசரப்பட்டால் சாம்பல் கலங்கி மேலே எழும்பிவிடும் என்று, தூங்கும் குழந்தையின் போர்வையை இழுப்பது போல இழுப்பார். சாம்பல் எல்லாம் ஒரு மூலைக்கு வந்ததும் ரப்பர் குழாயை வைத்து உறிஞ்சி வெளியே விடுவார். பத்து மணிக்குள் தரை பளிச்சென்று ஆகிவிடும். இதை நான் இரண்டு நாள் நின்று பார்த்தேன். பார்த்துவிட்டு, இந்தப் பழைய முறையெல்லாம் சரிவராது என்று மில்காரரிடம் சொன்னேன்.

மில்காரருக்கு மெஷின் வேண்டும். சிங்கப்பூரில் இருந்த மைத்துனர் வாங்கி அனுப்பத் தயார். எதை வாங்குவது என்று நான் சொல்ல வேண்டும். நான் சொல்வது பிடித்திருந்தால் பம்பு, பில்டர் ஆர்டர் எங்கள் கம்பெனிக்கு. இரண்டு வகை இருந்தன. ஒன்று, பம்பிலிருந்து வரும் நீளக் குழாயை மாட்டிக்கொண்டு, அந்த உறிஞ்சும் வேகத்திலேயே தரையில் நகர்வது. தண்ணீருக்குள் மின்சாரமே போகாது. இன்னொன்று, வயிற்றுக்குள் மோட்டார் வைத்துக்கொண்டு தானாக ஊர்ந்துபோவது. கரண்ட் கம்பி தண்ணீருக்குள் போகும். வீட்டு மின்சாரத்தைச் சிறியதாக்கி ஆபத்தில்லாமல் அனுப்ப, கரையில் ஒரு பெட்டி இருக்கும்.

படத்தைப் பார்த்ததும் குழாய் மாட்டியது ஆஸ்பத்திரியில் படுத்தவன் மாதிரி இருக்கிறது என்றார் மில்காரர். சம்பந்தி வரும் நாளில் அப்படி ஒன்று தன் குளத்தில் கிடக்கக் கூடாதாம். மோட்டார் வைத்ததுதான் சிறந்தது என்று நான் உடனே சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். மெஷின் வந்ததும் வேலையை விட்டு நின்றுகொள்ளலாம் என்று மில்காரர் கன்னியப்பனின் முகத்துக்கு நேராகவே சொன்னார். கன்னியப்பன் சாக்கை உதறிக் காயப் போட்டார். அவர் முட்டி எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அது என் ஸ்கோப்பில் இல்லை.

மெஷின் வந்தது. வட்டமாக, முதுகு உப்பி, பக்கத்துக்கு இரண்டு சக்கரம். பார்த்த மாத்திரத்தில் மில் ஆட்கள் அதற்கு ஆமை என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று மில்காரரின் மனைவி பிடித்துக்கொண்டார். கல்யாணம் நடக்கப் போகிற வீட்டுக்குள் ஆமையைக் கொண்டுவரலாமா? ஜோசியரைக் கேட்டார்கள். திறப்பு விழா அன்று மெஷினுக்கு முறைப்படி பூஜை செய்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு இறக்கினால் தோஷம் போய்விடும் என்று அவர் சொன்னார். அதுவரை ஆமை என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது என்று மில்லில் உத்தரவே போட்டார்கள். இதைக் கேட்டு நான் உள்ளுக்குள் சிரித்தேன். நான் சிரித்திருக்கவே கூடாத வாரம் அது.

ஏனென்றால் விழாவுக்கு நான்கு நாள் முன்பு ஓட்டிப் பார்த்தபோது, ஊர் வோல்டேஜ் திடீரென்று ஏறி, மெஷினோடு வந்த பெட்டி கருகிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து வேறு பெட்டி வர மாதமாகும். மில்லின் எலெக்ட்ரீஷியன் மெட்ராஸுக்குப் போய், மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் ஒரு கடையில் அதே அளவில் ஒன்று சுற்றி வாங்கிவந்தார். விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அதைத் திறந்து பார்த்தேன். பழைய பெட்டியில் வீட்டுக் கரண்டும் மெஷினுக்குப் போகும் கரண்டும் ஒன்றை ஒன்று தொடாது. இதில் கடைக்காரன் செம்பை மிச்சம் பிடித்து இரண்டுக்கும் ஒரே கம்பி சுற்றியிருந்தான். மெஷின் ஓடும். ஆனால் மெஷினுக்குள் எங்காவது தண்ணீர் புகுந்தால் வீட்டுக் கரண்ட் அப்படியே குளத்துக்கு வந்துவிடும்.

இது எனக்குத் தெரியும். மூடியைப் போட்டுத் திருகாணியை முடுக்கினேன். மறுநாள் ஆர்டரில் கையெழுத்து. ஒரு மணி நேரம் ஓடி நின்றுவிடப் போகிறது, யார் தண்ணீரில் இறங்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை பந்தல், மைக் செட்டு, மின்விசிறி, காஞ்சிபுரத்திலிருந்து இரண்டு காரில் சம்பந்தி வீட்டார். மெஷினையும் சேர்த்து எல்லாவற்றுக்கும் ஒரே லைன்தான், சுவரோரம் இருந்த மின்சாரப் பலகையிலிருந்து. குருக்கள் வந்து மெஷினுக்குச் சந்தனம் பூசினார். குங்குமம் வைத்தார். வாழை நாரில் நெருக்கமாகத் தொடுத்த சாமந்தி மாலை ஒன்றை அதன் கழுத்தில் போடப் பார்த்தார். கழுத்து இல்லாததால் சக்கரத்தில் மாட்டினார். தண்ணீரில் விடும்போது கழற்றிவிடலாமா என்று நான் மெதுவாகக் கேட்டேன். சாமிக்குப் போட்டதைக் கழற்றுவதா என்று மில்காரரின் மனைவி பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன். பூசணிக்காய் உடைத்து, தேங்காய் உடைத்து, மெஷினை இறக்கினார்கள். குங்குமம் தண்ணீரில் சிவப்பாகக் கரைந்தது. சம்பந்தி எட்டிப் பார்த்து, நல்லா போவுதே என்றார்.

நல்லாத்தான் போயிற்று, மண்டபக் கால் வரைக்கும். அங்கே வாழை நார் சக்கர அச்சில் சுற்றிக்கொண்டு, சுற்றச் சுற்ற இறுகி, மெஷின் சாய்ந்து நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. இறுகின நார் அச்சின் ரப்பர் அடைப்பைப் பெயர்த்திருக்கும் என்பது எனக்கு நின்ற இடத்திலேயே தோன்றியது. அடைப்பு பெயர்ந்தால் தண்ணீர் உள்ளே போகும். உள்ளே போனால் என்ன ஆகும் என்பது முந்தின நாளே தெரியும்.

மில்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. திரும்பிப் பார்த்தார். கடைசி நாள் கூலிக்காகப் பந்தல் ஓரம் நின்றிருந்த கன்னியப்பன் கண்ணில் பட்டார்.

"யோவ் கன்னியப்பா, எறங்கி அத்த எடுத்து வுடுய்யா. சீக்கிரம்."

கன்னியப்பன் சட்டையைக் கழற்றி, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் படிக்கு வந்தார். அங்கேயே நின்றார். மோட்டார் உறுமுவதைக் கேட்டார். பிறகு மில்காரரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சார், தண்ணில கரண்டு கீதா?"

இரண்டு காரில் வந்த சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். மில்காரர் பார்த்த பார்வையில் ஆர்டர் புத்தகமே தெரிந்தது. நான் இஸ்திரி போட்ட குரலில் சொன்னேன்: "கம்பெனி மெஷின். அதிலெல்லாம் ஒன்றும் வராது."

"அப்டீன்னா நீ ஒரு காலு வெய்யி சார். பின்னாலயே நான் எறங்கறேன்."

நான் குனிந்து காலைப் பார்த்தேன். "ஷூ போட்டிருக்கிறேனே" என்றேன்.

தம்பிகளே, தங்கைகளே, முப்பது வருஷத் தொழிலில் நான் பல அபத்தங்களைப் பேசியிருக்கிறேன். இதற்கு இணையாக ஒன்றும் இல்லை. ஒரு மனிதனின் உயிர் ஒரு பக்கம், என் ஷூ ஒரு பக்கம். நான் ஷூவைச் சொன்னேன்.

கன்னியப்பன் படியிலிருந்து திரும்பி நொண்டிக்கொண்டே பந்தலைக் கடந்து மின்சாரப் பலகைக்குப் போனார். பீங்கான் பியூஸ் கட்டையைப் பிடுங்கினார். மைக் செட்டில் ஓடிக்கொண்டிருந்த நாதஸ்வரம் பாதியில் இழுத்துக்கொண்டு நின்றது. சம்பந்தியின் தலைக்கு மேல் மின்விசிறி நின்றது. கன்னியப்பன் கட்டையைத் துண்டு முடிச்சில் செருகிக்கொண்டு வந்து, குளத்தில் இறங்கி மூழ்கி, மாலையோடு சேர்த்து மெஷினைத் தூக்கிப் படியில் வைத்தார். அதன் வயிற்றிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

சபை நடுவில் கரண்டைப் பிடுங்கி மானத்தை வாங்கிவிட்டான் என்று மில்காரர் கத்தினார். நாளையிலிருந்து வாசல் பக்கம் வரக் கூடாது என்றார். ஈரத் துண்டோடு கன்னியப்பன் போய்விட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை, நாரை வெட்டிவிட்டு மறுபடி ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். எலெக்ட்ரீஷியன் வேறு பியூஸ் கட்டை போட்டிருந்தார். ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மெஷினைக் கடைசிப் படியில் தண்ணீருக்குள் இறக்கி, காய்ந்த மரப் பலகைமேல் நின்றுகொண்டு ஸ்விட்சைப் போடச் சொன்னேன். டெஸ்டரின் நுனியைத் தண்ணீரில் வைத்தேன். டெஸ்டரின் விளக்கு எரிந்தது.

ஸ்விட்சை அணைக்கச் சொன்னேன். நேற்று பியூஸைப் பிடுங்காமல் இறங்கியிருந்தால், இதே நேரம் நாதஸ்வரம் ஓட ஓட அந்த மனிதர் நடுக்குளத்தில் மிதந்திருப்பார். தண்ணீரில் மூச்சடைத்துப் போனான் என்று எழுதியிருப்பார்கள். நானும் ஆமாம் என்றிருப்பேன். அதை நினைத்தபோது வந்த வெட்கம், இப்போது எழுதும்போதும் வருகிறது.

மில்காரரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியைப் பற்றி முந்தின நாளே தெரியும் என்பதையும் சொன்னேன். படிக்கட்டும் மண்டபமும் உள்ள இந்தக் குளத்தில் எந்த மெஷினும் ஓடாது, புகைபோக்கிக்கு வலை கட்டுங்கள், கன்னியப்பனைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன்.

"என் மில்லுலயே கொற சொல்றியா? மெட்ராசுலேந்து இத்த சொல்லத்தான் வந்தியா நீ?" என்றார்.

ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. மெட்ராஸ் திரும்பிய பிறகு மேலதிகாரி என்னை ஆறு மாதம் குடோனில் போல்ட் நட்டுகளைத் தரம் பிரிக்க வைத்தார். நல்ல காற்று அங்கே.

ஆனால் சாம்பலுக்கு யார் மேலும் மரியாதை கிடையாது. மூன்றே நாளில் குளம் கறுத்துவிட்டது. சம்பந்தி வீட்டுப் பெண்கள் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொந்த ஊரில் இரண்டு நாள் தங்கிவிட்டு மெட்ராஸுக்குக் கிளம்ப பஸ் ஸ்டாண்டில் நின்ற என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டு, நீயே போய் அந்த ஆளை அழைச்சிக்கினு வா என்றார் மில்காரர். தானே போய்க் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை.

ஏரிக்கரை ஓரத் தெருவில் கன்னியப்பன் வீடு. வாசலில் உட்கார்ந்து, கிணற்றில் இறங்கும் பழைய கயிற்றுக்குப் புரி போட்டுக்கொண்டிருந்தார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு மறுபடி கிணற்று வேலைக்குத் தயாராகிறார் என்று புரிந்தது. டெஸ்டரில் விளக்கு எரிந்ததைச் சொன்னேன். மில்காரர் வரச் சொன்னார் என்றேன்.

உள்ளே போய் அந்தப் பியூஸ் கட்டையை எடுத்துவந்தார். துடைத்து வைத்திருந்தார்.

"வரேன் சார். ஆனா நான் தண்ணில கீற வரைக்கும் இது என் இடுப்புலதான் இருக்கும். அவரு வூட்டுல விசிறி ஓடலன்னா ஓலையால வீசிக்கினு இருக்கட்டும். இத்த சொல்லி ஒத்துக்கினாருன்னா வரேன்."

மில்காரர் ஒத்துக்கொண்டார், வேறு வழியில்லை. மெஷினைக் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார்கள். பல வருஷம் கழித்துப் போனபோதும் அங்கேதான் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் குங்குமம் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வீட்டில் அது செய்த ஒரே வேலை.

அன்று அந்த வாசலில் இருந்து கிளம்பும்போது ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. கம்பெனி மெஷின், ஒன்றும் வராது என்று இன்ஜினியர் நானே அத்தனை பேர் முன்னால் சொன்னேனே, அதை மீறி எப்படிப் போய்ப் பிடுங்கினீர்கள் என்று கேட்டேன்.

"நீ சொன்னத நம்பி எறங்கத்தான் இருந்தேன் சார். காலு வெய்யின்னேன். நீ ஷூவப் பாத்த. அப்பவே தெரிஞ்சி போச்சு" என்று சொல்லிவிட்டு, கயிற்றைச் சுருட்டி வைத்தார்.

போன் செய்த தம்பிக்கு: நான்கு மாடலில் எது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பண்ணை வீட்டுக்கு நீங்களே ஒரு நடை போய்ப் பாருங்கள். போகும்போது செருப்பு போட்டுக்கொண்டு போங்கள், கழற்றச் சுலபம்.